விழுந்ததால் வந்த வலியா, எலும்புக்குள் சீழா?

மே மாதம் எங்கள் பக்கத்தில் மாங்காய் மாதம். திருத்தணியிலிருந்து நகரி, புத்தூர் வரைக்கும் பள்ளி விடுமுறை விட்டதும் பிள்ளைகளைத் தோப்பில்தான் தேட வேண்டும். என் அக்கா மகனும் ஒரு மே மாதம் மரத்திலிருந்து விழுந்தான். அப்போது அவனுக்கு ஒன்பது வயது. விழுந்த அன்று மண்ணைத் தட்டிவிட்டு எழுந்து வந்து சாப்பிட்டான், மறுநாள் ஓடியாடினான். மூன்றாம் நாள் வலது முழங்காலுக்குக் கீழே வலிக்கிறது என்றான். நான்காம் நாள் காய்ச்சல். "மரத்திலிருந்து விழுந்தான் இல்ல, அதான்" என்று வீட்டில் எல்லோரும் சொன்னோம். நான் அப்போது செவிலியர் வேலைக்குச் சேர்ந்து ஓராண்டுகூட ஆகவில்லை. அக்கா போனில் கேட்டபோது நானும் அதையேதான் சொன்னேன்.

எண்ணெய் தடவி உருவினார்கள், துணியால் கட்டினார்கள். ஆறாம் நாள் ஒரு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்து, எலும்பு உடையவில்லை, பயப்பட வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள். பத்தாம் நாள் கால் வீங்கித் தோல் பளபளத்தது. பிள்ளை பேச்சில்லாமல் துவண்டு கிடந்தான். எலும்பைத் துளைத்துச் சீழ் எடுக்க வேண்டியதாயிற்று. உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. இப்போது 24 வயது, தறி ஓட்டுகிறான். வலது கால் மட்டும் இரண்டு சென்டிமீட்டர் குட்டை.

அதற்குப் பிறகு குழந்தைகள் எலும்பு வார்டில் பல வருடங்கள் வேலை பார்த்துவிட்டேன். வந்த தாய்மார்களில் பெரும்பாலோர் அதே வாக்கியத்தோடுதான் வந்தார்கள்: "விழுந்தான் சிஸ்டர்." முதல் குழந்தையை வளர்ப்பவர்கள், விடுதிக் காப்பாளராகவோ விளையாட்டு ஆசிரியராகவோ புதிதாகச் சேர்ந்தவர்கள், கிராமத்தில் முதல் பணியிடம் கிடைத்த இளம் செவிலியர்கள், இவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். நோயைக் கண்டுபிடிப்பது மருத்துவர் வேலை. சந்தேகப்பட வேண்டிய நாளில் சந்தேகப்படுவது நம் வேலை.

எலும்புக்குள் என்ன நடக்கிறது

எலும்பு என்றால் கல் மாதிரி என்று நினைக்கிறோம். வளரும் பிள்ளையின் எலும்பு அப்படி இல்லை, உள்ளே ரத்தம் ஓடிக்கொண்டே இருக்கும். கை, கால்களின் நீள எலும்புகளில் முனைக்குக் கொஞ்சம் முன்னால் வளர்ச்சித் தட்டு என்று ஒன்று உண்டு, எலும்பு நீளமாக வளர்வது அங்கேதான். அதையொட்டி மெல்லிய ரத்தக் குழாய்கள் கொண்டை ஊசி மாதிரி வளைந்து திரும்புகின்றன. அந்த வளைவில் ரத்தம் வேகம் குறைந்து போகும். உடம்பில் வேறெங்கோ இருந்து ரத்தத்தில் கலந்த கிருமி, வாய்க்கால் திருப்பத்தில் வண்டல் தங்குவது போல அங்கே தங்கிவிடுகிறது. மூன்று நான்கு நாளில் சீழ் கட்டத் தொடங்கும். இதைத்தான் மருத்துவர் சீட்டில் ஆஸ்டியோமைலிட்டிஸ் என்று எழுதுவார்கள். வார்டில் நாங்கள் சுருக்கமாக 'ஆஸ்டியோ' என்போம்.

பெரும்பாலான பிள்ளைகளுக்குக் காரணம் ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற கிருமி. நம் தோலிலும் மூக்கிலும் சாதாரணமாகவே இருப்பது. சொறிந்த சிரங்கு, உடைந்த கொப்புளம், முள் குத்திய இடம், இப்படி ஏதாவது ஒரு வாசல் போதும். பல நேரம் வாசல் எதுவென்றே தெரியாது.

அதிகம் பிடிப்பது முழங்காலுக்கு மேலும் கீழும்: தொடை எலும்பின் கீழ்முனை, கால் எலும்பின் மேல்முனை. அடுத்தது இடுப்பு, தோள் பக்கம். ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களிடம் அதிகம், பெண் பிள்ளைகளைவிட ஆண் பிள்ளைகளிடம் அதிகம்.

சீழுக்கு வெளியே வர வழி கிடைக்காது. அது எலும்பைச் சுற்றியிருக்கும் உறையைத் தூக்கும், எலும்புக்குப் போகும் ரத்தத்தைத் தடுக்கும். ரத்தம் போகாத எலும்புத் துண்டு செத்துவிடும். செத்த எலும்புக்குள் மருந்து போய்ச் சேராது. அப்புறம் வருடக் கணக்கில் தோலில் ஒரு ஓட்டை வழியாகச் சீழ் வடிந்துகொண்டே இருக்கும். முதல் வாரத்தில் பிடித்தால் பெரும்பாலும் மருந்திலேயே முடிந்துவிடும் நோய் இது. அதனால்தான் நாள் கணக்கு இவ்வளவு முக்கியம்.

முதலில், விழுந்த கதையை நாள் வாரியாகக் கேளுங்கள்

பிள்ளை பொய் சொல்வதில்லை, விழுந்தது உண்மையாகத்தான் இருக்கும். இந்த நோய் வந்த பிள்ளைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு அடிபட்ட கதை இருக்கும். அடிபட்ட இடத்தில் கசிந்த ரத்தத்தில் கிருமி எளிதாக ஒட்டிக்கொள்ளும் என்றும் சொல்வார்கள். எனவே "விழுந்தாயா?" என்ற கேள்வியால் பயனில்லை. இப்படிக் கேளுங்கள்: விழுந்தது என்றைக்கு? வலி தொடங்கியது என்றைக்கு? விழுந்த பிறகு நன்றாக நடந்த நாள் ஒன்றாவது நடுவில் இருந்ததா? நேற்றைவிட இன்று வலி கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா?

எலும்பு உடைந்திருந்தால் விழுந்த நொடியிலேயே வலிக்கும். சதையில் அடிபட்டிருந்தால் இரண்டாம் நாள் வலி உச்சத்துக்குப் போய்ப் பிறகு இறங்கும். நடுவில் நன்றாக இருந்துவிட்டு வலி தொடங்கி, ஒவ்வொரு நாளும் ஏறிக்கொண்டே போனால் அது விழுந்ததோடு சேர்ந்த வலி இல்லை. இந்தக் கேள்விகளை அன்று நான் அக்காவிடம் கேட்டிருந்தால் நான்காம் நாளே தெரிந்திருக்கும்.

அடிபட்டதால் காய்ச்சல் வருவது அரிது. "அடிபட்ட காய்ச்சல்" என்று ஊரில் சாதாரணமாகச் சொல்வோம். அந்தப் பேச்சை நம்பி எத்தனையோ நாட்கள் வீணாகியிருக்கின்றன. கை அல்லது கால் ஒன்றில் வலி, கூடவே காய்ச்சல் என்றால், வேறு காரணம் உறுதியாகும்வரை எலும்பிலோ மூட்டிலோ சீழ் என்றுதான் நினைக்க வேண்டும்.

இரண்டாவது, தெர்மாமீட்டர்

நெற்றியில் புறங்கை வைத்து "லேசா சுடுது" என்பது போதாது. டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்று வீட்டிலும் விடுதியிலும் இருக்கட்டும். 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டும் அதற்கு மேலும் காய்ச்சல். நேரத்தோடு ஒரு தாளில் எழுதுங்கள். பாராசிட்டமால் கொடுப்பதற்கு முன் அளந்து எழுதுவது முக்கியம். மருந்து கொடுத்து, காய்ச்சல் இறங்கிய பிறகு மருத்துவரிடம் போனால் அங்கே 98.6 தான் காட்டும். தாள் கையில் இருந்தால் அது பேசும்.

காய்ச்சல் இல்லாவிட்டால் நோய் இல்லை என்று ஆகாது. பச்சிளங்குழந்தைகளுக்குப் பல நேரம் காய்ச்சலே வராது. கிங்கெல்லா கிங்கே என்ற இன்னொரு கிருமி, ஆறு மாதத்திலிருந்து நான்கு வயது வரையுள்ள பிள்ளைகளிடம் லேசான காய்ச்சலோடு, சில நேரம் காய்ச்சலே இல்லாமல், வெறும் நொண்டலாக மட்டும் வரும்.

மூன்றாவது, எந்தக் காலைத் தவிர்க்கிறது என்று பாருங்கள்

இதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். வலியை வாயால் சொல்லத் தெரியாத பிள்ளையும் உடம்பால் சொல்லிவிடும்.

கைக்குழந்தை என்றால் பாயில் மல்லாக்கப் படுக்கவைத்து, துணியை எடுத்துவிட்டு, ஐந்து நிமிடம் தொடாமல் பாருங்கள். நன்றாக இருக்கும் குழந்தை இரண்டு காலையும் மாற்றி மாற்றி உதைக்கும். ஒரு கால் மட்டும் மடங்கி, வெளிப்பக்கம் சாய்ந்து, அசையாமல் கிடந்தால் கவனியுங்கள். ஒரு கை மட்டும் தொங்கலாகக் கிடந்தாலும் அப்படியே. பார்ப்பவர்கள் "கை விழுந்துவிட்டது, வாதம்" என்பார்கள். நரம்பில் கோளாறு இருக்காது, வலிக்குப் பயந்துதான் அசைக்காமல் இருக்கும். துணி மாற்றும்போது, காலைத் தூக்கும்போது மட்டும் வீறிட்டு அழுதால் அது பசி அழுகை இல்லை. தூளியில் போட்டால் அழுது, மடியில் அசையாமல் வைத்திருந்தால் அடங்கும் குழந்தைகளையும் நான் பார்த்திருக்கிறேன். குறைமாதத்தில் பிறந்து மருத்துவமனையில் குளுக்கோஸ் ஏற்றிய குழந்தை, தொப்புள் புண்ணாகியிருந்த குழந்தை என்றால் இன்னும் கவனம் வேண்டும். இந்த வயதில் ரத்தக் குழாய்கள் வளர்ச்சித் தட்டைத் தாண்டி மூட்டு வரை போகின்றன. சீழும் மூட்டுக்குள் சுலபமாக இறங்கிவிடும்.

நடக்கப் பழகிய பிள்ளை திடீரென்று மறுபடி தவழத் தொடங்கினால் செல்லம் என்று நினைக்காதீர்கள். தூக்கச் சொல்லிக் கேட்கும், இறக்கிவிட்டால் ஒற்றைக்காலில் நிற்கும். உட்காரவே மறுக்கும் பிள்ளைக்கு முதுகெலும்பைத் தொட்டுப் பார்க்க வேண்டும். கீழே கிடக்கும் பொம்மையை எடுக்கச் சொன்னால் குனியாமல், முதுகை விறைப்பாக வைத்துக்கொண்டு முழங்காலை மடக்கி உட்கார்ந்து எடுக்கும். எந்தக் கருவியும் வேண்டாத நல்ல சோதனை அது.

பள்ளிப் பிள்ளைகளை நடக்கவிட்டுப் பாருங்கள், ஆனால் உங்கள் எதிரில் நடக்கச் சொல்லாதீர்கள். ஆசிரியர் பார்க்கிறார் என்றால் பல்லைக் கடித்துக்கொண்டு நேராக நடப்பான். தண்ணீர் குடிக்கப் போகும்போது, செருப்பு மாட்டும்போது பாருங்கள். வலிக்கும் காலில் குறைந்த நேரமே நிற்பான். முழங்கால் வலி என்று சொல்லும் பிள்ளையின் இடுப்பையும் பார்க்க வேண்டும். இடுப்பு மூட்டில் நோய் இருந்தாலும் பல நேரம் வலி முழங்காலில் தெரியும். இடுப்பில் நோயிருக்க முழங்காலை மட்டும் எக்ஸ்ரே எடுத்துக்கொண்டு திரும்பியவர்கள் நிறையப் பேர்.

தொடை இடுக்கில் வலி என்றால் எங்கள் ஊரில் "நெறி கட்டியிருக்கு" என்று முடித்துவிடுவார்கள். காலில் புண் இருந்தால் நெறி கட்டுவது உண்மைதான். நெறி கட்டிய பிள்ளை முகம் சுளித்தாலும் நடக்கும், காலை மடக்கி நீட்டும். இடுப்பு மூட்டில் சீழ் இருக்கும் பிள்ளை காலை யாரும் திருப்பவே விடாது.

பதின்வயதுப் பையன்கள் வேறு மாதிரி. கபடி ஆட்டத்திலிருந்து எடுத்துவிடுவார்கள் என்று பயந்து மறைப்பார்கள். வலி மாத்திரை வாங்கித் தானே போட்டுக்கொள்வார்கள். விடுதிக் காப்பாளர்கள் இதை மனதில் வையுங்கள்: மூன்று நாளாக மாத்திரை கேட்கும் பையனிடம் எதற்கு என்று உட்காரவைத்துக் கேட்க வேண்டும்.

நான்காவது, ஒரே ஒரு விரல்

வலிக்கும் இடத்தை நேராகப் போய் அழுத்தாதீர்கள். அப்புறம் பிள்ளை உங்களைப் பக்கத்திலேயே விடாது. நல்ல காலில் தொடங்குங்கள். பேச்சுக் கொடுத்துக்கொண்டே பாதம், கணுக்கால், கெண்டை என்று ஒரு விரலால் மெதுவாக அழுத்தி மேலே வாருங்கள். பிறகு அதே போல் வலிக்கும் காலில். பிள்ளை சொல்லும் வார்த்தையைவிட அதன் முகத்தைப் பாருங்கள். சதை முழுக்கப் பரவலாக வலித்தால் சுளுக்காகவோ அடியாகவோ இருக்கலாம். மூட்டுக்குக் கொஞ்சம் மேலே அல்லது கீழே, ரூபாய் நாணயம் அளவு இடத்தில், எலும்பின் மேல் விரல் பட்டதும் துடித்தால் அது எலும்புக்குள்ளிருந்து வரும் வலி. அந்த இடத்தைப் பேனாவால் வட்டம் போட்டுவிடுங்கள். மருத்துவரிடம் போவதற்குள் பிள்ளை அழுது களைத்துவிட்டால் அந்த வட்டம் உதவும்.

புறங்கையால் இரண்டு காலின் சூட்டையும் ஒப்பிடுங்கள். புத்தகங்களில் "சிவந்திருக்கும்" என்று எழுதியிருப்பார்கள். நம் நிறத்தில் சிவப்பு சட்டென்று தெரியாது. பளபளப்பு, சூடு, தோல் சுருக்கம் மறைந்துபோவது, இவற்றைத் தேடுங்கள். வீக்கம் தாமதமாகத்தான் வரும். வீக்கம் வந்துவிட்டால் சீழ் எலும்பைத் தாண்டிவிட்டது என்று பொருள். வீங்கட்டும், பார்ப்போம் என்று காத்திருக்கவே கூடாது.

அப்படியே உடம்பு முழுக்க ஒரு முறை பாருங்கள். தலையில் சிரங்கு, பிட்டத்தில் கொப்புளம், காதில் சீழ், அண்மையில் வந்துபோன அம்மை. ஆடிக் கிருத்திகைக்குக் காவடியோடு வெறுங்காலில் நடந்து வந்த பிள்ளைகளின் பாதத்தில் முள், கண்ணாடிச் சில்லு இருக்கும். ஷூ போட்ட காலில் அடிப்பாகத்தைத் துளைத்து ஆணி ஏறியிருந்தால் தனியாகச் சொல்லுங்கள். அதில் சூடோமோனாஸ் என்ற வேறு கிருமி போகும், வழக்கமான மருந்துக்கு அது கேட்காது. டி.டி. ஊசி போட்டாயிற்று என்று நின்றுவிடாமல் இரண்டு வாரம் வரை அந்தப் பாதத்தைப் பார்த்துக்கொண்டே இருங்கள்.

கட்டு, எண்ணெய், மீந்த மாத்திரை

1960-இல் எல்லை பிரித்தபோது திருத்தணி தமிழ்நாட்டுக்கு வந்தது, புத்தூரும் நகரியும் ஆந்திராவில் நின்றன. எலும்பு விஷயத்தில் மட்டும் நாங்கள் எல்லை பார்ப்பதில்லை. உடைந்தால் புத்தூர் கட்டு. பச்சிலை, முட்டை, மூங்கில் பத்தை வைத்துத் தலைமுறை தலைமுறையாகக் கட்டுகிறார்கள், சென்னையிலிருந்தும் வண்டி பிடித்து வருகிறார்கள். அந்த நம்பிக்கையோடு சண்டை போட நான் வரவில்லை. ஒன்றை மட்டும் சொல்கிறேன்: கட்டு என்பது உடைந்த எலும்புக்கு. சீழுக்குக் கட்டு கிடையாது. விழாமலே வலி வந்த காலுக்கோ, காய்ச்சலோடு வலிக்கும் காலுக்கோ எந்த ஊரிலும், யார் கையாலும் கட்டுப் போடாதீர்கள். மாவுக்கட்டுக்கும் இதே பேச்சுத்தான். வீங்கும் காலை இறுக்கினால் ரத்த ஓட்டம் கெடும். அதைவிடப் பெரிய கேடு, தினமும் கண்ணால் பார்க்க வேண்டிய இடம் ஒரு வாரம் துணிக்குள் மறைந்துவிடும்.

உருவி விடுவது, சுளுக்கு எடுப்பது, சூட்டு ஒத்தடம், பத்துப் போடுவது எதுவும் வேண்டாம். ஆயா மனம் நோகும் என்றால் திருநீறு பூசட்டும், வேப்பிலை சுற்றட்டும், தடுக்க வேண்டியதில்லை. காலை மட்டும் தொட வேண்டாம் என்று கையைப் பிடித்துக் கேட்டுக்கொள்ளுங்கள்.

மீந்த ஆன்டிபயாட்டிக் மாத்திரை, மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய சிரப், இவை இன்னொரு பெரிய சிக்கல். அரைகுறை மருந்து காய்ச்சலை இறக்கும், சீழை அழிக்காது. ரத்தத்தில் கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனையிலும் கிருமி தெரியாமல் போய்விடும். எந்தக் கிருமி என்று தெரியாமல் மருந்து கொடுப்பது கண்ணைக் கட்டிக்கொண்டு நூல் கோப்பது மாதிரி. ஏற்கனவே கொடுத்துவிட்டீர்கள் என்றால் மறைக்காமல் அட்டையை எடுத்துக்கொண்டு போங்கள். யாரும் திட்ட மாட்டார்கள். திட்டினாலும் பரவாயில்லை, பிள்ளைக்கு நல்லது.

எப்போது கிளம்ப வேண்டும்

காலை ஊன்றவே மறுக்கிறது, 101 டிகிரிக்கு மேல் காய்ச்சல், மூட்டை அசைக்கவே விடவில்லை, துவண்டு கிடக்கிறது, மூச்சு வேகமாக வாங்குகிறது, கைக்குழந்தை பால் குடிக்கவில்லை: இவற்றில் ஏதாவது இருந்தால் நள்ளிரவானாலும் கிளம்புங்கள். மூட்டுக்குள் சீழ் போனால் குருத்தெலும்பு சில நாட்களிலேயே அரித்துவிடும். 108 இரண்டு மாநிலத்திலும் உண்டு.

காய்ச்சல் லேசாக இருந்து, ஒரு கை அல்லது காலைக் காப்பாற்றிக் காப்பாற்றி வைத்துக்கொண்டால் அன்றைக்கே காட்ட வேண்டும். காய்ச்சலே இல்லாமல் நொண்டல் மட்டும் இரண்டு நாளைத் தாண்டினால் மூன்றாம் நாள் காத்திருக்க வேண்டாம்.

குழந்தை மருத்துவரும் எலும்பு மருத்துவரும் இரண்டு பேரும் இருக்கும் இடமாகப் போவது நல்லது. எங்கள் பக்கத்திலிருந்து திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரி, சென்னை எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை, வேலூர் சி.எம்.சி., திருப்பதி என்று போகிறார்கள். காப்பீட்டு அட்டை எந்த மாநிலத்து அட்டையோ அதைக் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். தமிழ்நாட்டில் முதலமைச்சர் காப்பீடு, ஆந்திராவில் ஆரோக்கியஸ்ரீ என்று எல்லோரும் சொல்லும் திட்டம். போகும் வழியில் பிள்ளைக்குச் சாப்பாடு கொடுக்கலாமா என்று போனில் கேட்டுவிடுங்கள். அன்றே மயக்க மருந்து கொடுக்க வேண்டிவந்தால் வெறும் வயிறு தேவைப்படும்.

எல்லைக்கு அந்தப் பக்கம் புதிதாகக் குடிபோன தமிழ்க் குடும்பங்களுக்கு நாலு தெலுங்கு வார்த்தை. எலும்பு எமுக. வலி நொப்பி, வீக்கம் வாபு, சீழ் சீமு, காய்ச்சல் ஜ்வரம். "காலு கதிலிஞ்சட்லேது" என்றால் காலை அசைக்கவில்லை என்று பொருள். நகரியிலும் புத்தூரிலும் தமிழ் பேசினாலே புரிந்துகொள்வார்கள். இன்னும் உள்ளே போனால் இந்த ஒரு வாக்கியம் உதவும்.

மருத்துவரிடம் "விழுந்தான்" என்று தொடங்காதீர்கள். "நாலு நாளாக வலது முழங்காலுக்குக் கீழே வலி, நேற்றிலிருந்து 102 காய்ச்சல், இன்று காலையிலிருந்து ஊன்றவில்லை. ஒரு வாரம் முன்னால் மரத்திலிருந்து விழுந்தான்" என்ற வரிசையில் சொல்லுங்கள். விழுந்த கதை கடைசியில் வரட்டும்.

எக்ஸ்ரே நன்றாக இருக்கிறது என்றால்

என் அக்கா இங்கேதான் ஏமாந்தாள். எலும்பின் சுண்ணாம்புச் சத்து மூன்றில் ஒரு பங்காவது கரைந்தால்தான் எக்ஸ்ரேயில் மாற்றம் தெரியும். அதற்கு ஒரு வாரத்திலிருந்து பத்து நாளுக்கு மேலும் ஆகலாம். ஆறாம் நாள் எடுத்த எக்ஸ்ரே எலும்பு உடையவில்லை என்று மட்டும்தான் சொல்லும், சீழ் இல்லை என்று சொல்லாது.

எனவே பணிவாக, தயங்காமல் கேளுங்கள்: "காய்ச்சலும் இருக்கிறது சார், எலும்பில் இன்ஃபெக்‌ஷன் இருக்குமா? சி.ஆர்.பி., இ.எஸ்.ஆர். பார்க்கலாமா? மருந்து தொடங்குவதற்கு முன்னால் கல்ச்சர் எடுக்கலாமா?" முதல் இரண்டும் உடம்பில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் ரத்தப் பரிசோதனைகள். சி.ஆர்.பி. சீக்கிரம் ஏறும், சீக்கிரம் இறங்கும். நோய் அடங்குகிறதா என்று பார்க்கவும் அதுவே உதவும். இ.எஸ்.ஆர். மெதுவாக ஏறி வாரக் கணக்கில் நிற்கும். வெள்ளணு எண்ணிக்கை சரியாக இருந்தாலும் நோய் இருக்கலாம். இடுப்பு மூட்டில் நீர் கோத்திருக்கிறதா என்பதை அல்ட்ராசவுண்டில் பார்க்கலாம். ஆரம்பத்திலேயே எலும்பை உள்ளே காட்டுவது எம்.ஆர்.ஐ. தான். சின்னப் பிள்ளை என்றால் மயக்கம் கொடுத்து எடுப்பார்கள், அதற்குப் பயப்பட வேண்டாம்.

வீட்டுக்கு அனுப்பினால் "எந்த அறிகுறி வந்தால் திரும்ப வர வேண்டும்?" என்று கேட்டு எழுதி வாங்குங்கள். மறுநாளும் அப்படியே இருந்தால் திரும்பப் போங்கள். போன வாரம்தானே பார்த்தோம் என்று கூச்சப்பட்டு நின்ற நாட்கள்தான் பிள்ளையின் எலும்பைத் தின்கின்றன.

சத்தமில்லாமல் வருவது

எல்லாமே காய்ச்சலும் கூச்சலுமாக வராது. சில பிள்ளைகளுக்கு, அதிகமாகப் பதின்வயதில், எலும்புக்குள் சின்னக் கட்டியாகச் சீழ் அடைபட்டு மாதக் கணக்கில் கிடக்கும். பகலில் ஓடுவான், ராத்திரி ஒரே இடத்தில் குடைச்சல், வலி மாத்திரை போட்டால் தூங்கிவிடுவான். இரண்டு வாரத்துக்கு மேல் ஒரே இடத்தில் ராத்திரி வலி இருந்தால் எக்ஸ்ரே எடுக்காமல் விடக்கூடாது.

எலும்புக் காசநோயும் மெதுவாகத்தான் வரும். மாலைக் காய்ச்சல், எடை குறைதல், பசியின்மை. தூக்கத்தில் தசை தளர்ந்து நோயுற்ற மூட்டு அசைந்ததும் பிள்ளை அலறி எழும், ஆனால் கனவு என்று நினைத்துத் தட்டித் தூங்கவைப்போம். முதுகெலும்பில் வந்தால் முதுகு விறைக்கும், பிறகு நடு முதுகில் ஒரு புடைப்பு தெரியும். பெர்சிவால் பாட் என்ற ஆங்கில அறுவை மருத்துவர் 1779-இல் இதை விவரித்ததால் சீட்டில் 'பாட்ஸ் ஸ்பைன்' என்று எழுதுவார்கள். வீட்டில் யாருக்காவது காசநோய் இருந்ததா என்று கேட்டால் மறைக்காதீர்கள். மருந்து அரசு செலவில் கிடைக்கும். எலும்புக்கு ஒரு வருடமோ அதற்கு மேலுமோ சாப்பிட வேண்டும்.

பைக் விபத்தில் எலும்பு வெளியே தெரிய உடைந்து, கம்பியோ தகடோ வைத்த இளைஞர்கள் தனி வகை. ஆறு மாதம் கழித்துத் தையல் போட்ட இடத்தில் ஒரு சின்னக் கொப்புளம் உடைந்து நீர் வடிந்தால், அதைத் தோல் புண் என்று களிம்பு தடவாதீர்கள். உள்ளே கம்பியில் கிருமி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

கூடலூர், வயநாடு பக்கம் கேரள எல்லையில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே பழங்குடிப் பிள்ளைகளிடம் அரிவாள் அணு ரத்தசோகை (சிக்கிள் செல்), அதாவது சிவப்பணு அரிவாள் மாதிரி வளைந்துபோகும் பரம்பரை நோய், இருக்கிறது. அந்த நோயின் வலியும் எலும்புச் சீழின் வலியும் ஒரே மாதிரி இருக்கும். வழக்கமாக வரும் வலிதானே என்று விடாமல், காய்ச்சல் கூடவே இருந்தால் அன்றே காட்டுங்கள். அவர்களுக்கு சால்மோனெல்லா கிருமியும் எலும்பைப் பிடிக்கும்.

வளர்ச்சி வலியையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். அது மூன்றிலிருந்து பன்னிரண்டு வயதுக்குள், இரண்டு காலிலும், மாலையிலோ ராத்திரியிலோ வரும். பிடித்துவிட்டால் சுகமாக இருக்கும். காலையில் எதுவும் நடக்காத மாதிரி ஓடும். ஒரே கால், தொட விடாத வலி, காலையிலும் நொண்டல் என்றால் அது வளர்ச்சி வலி இல்லை. எலும்பு வலியோடு பிள்ளை வெளுத்துப்போய், காரணமில்லாமல் தோல் கன்றிய ஊதாத் திட்டுகள் தெரிந்தால் ரத்தப் பரிசோதனை உடனே வேண்டும். அது ரத்தப் புற்றுநோயாகவும் இருக்கலாம்.

மருந்து தொடங்கிய பிறகு

முதலில் சில நாள் நரம்பு வழியாக ஊசி, காய்ச்சல் இறங்கி சி.ஆர்.பி. குறைந்ததும் மாத்திரையோ சிரப்போ. சிக்கல் இல்லாத பிள்ளைக்கு மொத்தம் மூன்று, நான்கு வாரம். சீழ் கட்டியிருந்தால், கிருமி அடங்காத வகை என்றால் ஆறு வாரமும் அதற்கு மேலும் போகும். நடுவில் பிள்ளை ஓடத் தொடங்கிவிடும். அந்த நேரத்தில்தான் பலர் மருந்தை நிறுத்துகிறார்கள். நாட்காட்டியில் கடைசித் தேதியை வட்டமிட்டு, ஒவ்வொரு வேளைக்கும் ஒரு கோடு போடுங்கள். தறி வேலையில் நேரம் மறக்கும் வீடுகளில் பெரிய பிள்ளை ஒருவரிடம் அந்தப் பொறுப்பைக் கொடுத்தால் ஒழுங்காக நடக்கும்.

மருந்து முடிந்த பிறகும் வளர்ச்சித் தட்டுக்குப் பக்கத்தில் நோய் வந்த பிள்ளையை வளர்ந்து முடியும்வரை காட்டிக்கொண்டிருக்க வேண்டும். கால் நீளம் வித்தியாசப்படுவதும் வளைவதும் ஒன்றிரண்டு வருடம் கழித்துத்தான் தெரியும். வீட்டில் பார்க்க ஒரு வழி: சுவரோரமாக வெறுங்காலில் நிற்கவைத்து, பின்னாலிருந்து இடுப்பெலும்பின் இரண்டு மேட்டிலும் கை வையுங்கள். ஒரு பக்கம் தாழ்ந்திருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். அக்கா மகனுக்கு அப்படித்தான் பதினோராவது வயதில் கண்டுபிடித்தோம். செருப்பில் தக்கை ஒட்டிக்கொடுத்தார்கள், நடை நேரானது. டிஸ்சார்ஜ் சீட்டு, எக்ஸ்ரே, கல்ச்சர் ரிப்போர்ட் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு வையுங்கள். பத்து வருடம் கழித்து அதே காலில் வலி வந்தாலும் மருத்துவர் முதலில் கேட்பது அந்தப் பையைத்தான்.